சோப்பு டப்பாவில் ஆறு வோல்ட்

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கலாம் என்று போன வாரம் பரணை ஒழித்தோம். கிழிந்த காகித நட்சத்திரம், தொட்டில் கம்பு எல்லாம் இறங்கிய பிறகு, துணியில் சுற்றிய ஒரு சோப்பு டப்பாவை என் மனைவி எப்சி எடுத்துத் திறந்தாள். சந்தன சோப்பு வாசனை இன்னும் லேசாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சோப்பு டப்பாவைப் பார்த்து வயிறெரிகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சிரிக்காமல் கேளுங்கள்.

அது சாமுவேல் செய்த டப்பா. நானும் அவனும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. ஆரணியில் ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. குழுவை நடத்தியவள் எப்சி. அப்போது அவள் எனக்கு மனைவி இல்லை. அவளுக்கு எதிரே நின்றால் பாட்டு மறந்துபோகும், அவ்வளவுதான். அவளிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் கேட்டுத்தான் பாட்டுப் படிப்போம். சாயங்காலமானால் கரண்ட் போய்விடும், ஆகவே பேட்டரி செல்லில்தான் ஓடும். செல் தளரத் தளர பாட்டும் இறங்கும். அது தெரியாமல் ஒரு ஈஸ்டர் பாட்டை அப்படியே இறங்கின சுருதியில் படித்துவிட்டோம். சர்ச்சில் ஆர்கன் சரியான சுருதியில் ஆரம்பித்ததும் பெண்களுக்குத் தொண்டை எட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"ரெண்டு பேரும் கரண்டு படிப்புதான படிச்சிகினு இருக்கீங்க? கிறிஸ்துமஸுக்குள்ள எதனா செய்யுங்களேன்" என்றாள் எப்சி. ரெண்டு பேரும் என்றாளே, அங்கேதான் எனக்கு முதலில் சுருக்கென்றது.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பைக் பேட்டரி பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும். அது கொஞ்சம் தளர்ந்தாலும் டேப்புக்கு வேண்டிய ஆறு வோல்ட்டை மட்டும் நிலையாக வெளியே விட மூன்று கால் ஐசி ஒன்று போதும். சாமுவும் அதேதான் செய்தான், சோப்பு டப்பாவுக்குள். நான் தகர டப்பா வாங்கி நீல பெயிண்ட் அடித்தேன். சிவப்பு லைட் வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு தறி ஓடியது. மிச்ச சரிகை எப்போதும் கிடக்கும். சரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கிறதே, கரண்ட் போகாதா? நாலைந்து இழையைச் சேர்த்து முறுக்கி, டப்பாவிலிருந்து டேப்புக்குப் போகும் ஒயராகவே போட்டுவிட்டேன். தங்கமாக ஜொலித்தது. எப்சி தொட்டுப் பார்த்து, "ஐயோ, அழகா கீதே" என்றாள். சாமுவின் கறுப்பு ஒயரைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

என் டப்பாவைத்தான் முதலில் போட்டார்கள். பாட்டு தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் சுத்தமாக ஆறு வோல்ட். "டேப்புதான் பேஜார் பண்ணுது" என்றேன். சாமு மீட்டரை வாங்கி ஒயரின் மறுமுனையில் வைத்தான். ஐந்துகூட இல்லை.

"டேய், உன் சரிகையே பாதி தின்னுடுதுடா" என்றான்.

குழுவே சிரித்தது. எப்சியும்தான். பட்டு நூல் மேல் சுற்றிய மயிரிழைத் தகடு எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று தறிக்காரன் மகனுக்குத் தோன்றவில்லை பாருங்கள். அவனுடைய டப்பாவில் பாட்டு கம்பீரமாக வந்தது. அந்தக் கிறிஸ்துமஸில் யாருக்கும் சுருதி தவறவில்லை. எல்லோரும் மகிழ்ந்தார்கள், நான் ஒருவனைத் தவிர.

எப்சியை நான்தான் கட்டிக்கொண்டேன். அதற்காகப் பொறாமை அடங்கிவிடுமா என்ன? எங்கள் கல்யாணத்தில் மைக் பார்த்தவனும் சாமுதான். ஒரு தடவைகூட அது கீச்சிடவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா நாள் ஓடிச்சி தெரியுமா இது!" என்று எப்சி பரணிலிருந்து இறக்கிய சோப்பு டப்பாவைத் துடைத்தாள். பிறகு யோசித்து, "நீங்களும் அப்ப இன்னாமோ ஒண்ணு செஞ்சீங்க இல்ல?" என்றாள்.

செய்தேன். நீல டப்பாவில் அம்மா ஆணி போட்டு வைத்து, அது துருப்பிடித்துப் போயிற்று. பழைய சரிகை வாங்குகிறவர் தெருவில் வந்தபோது, கிழிந்த பட்டுப் புடவையோடு அந்த ஒயரும் உருக்கப் போய்விட்டது. தறிகள் போயின. டேப் போயிற்று. சாமு வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் இப்போது செல்போனில் கேட்டுப் பாடுகிறார்கள்; சுருதி இறங்குவதே இல்லை.

"இதையும் பழைய சாமானோட போட்டுடலாமே" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"இருக்கட்டுங்க, பாவம்" என்று எப்சி அதை மறுபடி துணியில் சுற்றிப் பரண்மேல் அதே மூலையில் வைத்தாள். அவள் ஏறி நின்ற ஸ்டூலை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.