ம் கொட்டியது யார்?

அலுவலகத்தில் அவருக்குச் சந்தேக சார் என்று பட்டப்பெயர். காது மிஷின்களுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவது அவர் வேலை. புதிதாக வரும் சிப்கள் கூடுதலாகச் சில கட்டளைகளைக் கற்றுக்கொண்டு வரும். பழைய சிப்களுக்கு அவை புரியாது. புரியாத கட்டளையைக் கொடுத்தால் மிஷின் அப்படியே மூச்சை நிறுத்திவிடும். அதனால் ‘உனக்கு இது தெரியுமா?’ என்று சிப்பிடம் முதலில் கேட்டு, தெரியும் என்றால் வேகமான வழியிலும், தெரியாதென்றால் பழைய வழியிலும் ஒலியை அனுப்ப வேண்டும். கேட்டுக்கேட்டே வளர்ந்த உத்தியோகம். காய்கறிக்காரரிடம்கூட இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்குவார்.

மனைவிக்குக் காது மந்தம். புதுச் சிப் வைத்த மிஷின் தயாரானதும் முதல் ஆளாக அவளுக்குத்தான் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஒரு வாரம் போயிருக்கும். காலைச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்:

“நீங்க பேசி முடிச்சதும் யாரோ ‘ம்’ங்கிறாங்க.”

“பரவாயில்லையே. நான் பேசுறதுக்கும் ம் கொட்ட ஆள் இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “விளையாடாதீங்க. பொம்பளை குரல். கடைக்காரர் பேசினாலும் கடைசியில வருது. டிவியை நிறுத்தினாலும் வருது. திரும்பிப் பார்த்தா யாரும் இல்ல.”

மிஷினை வாங்கிக்கொண்டு அலுவலகம் போனார். தப்பு அவருடையதுதான். புதுக் கட்டளை ஒலியைப் பதினாறு பதினாறு துண்டுகளாக அள்ளும். பேச்சின் கடைசி அள்ளலில் பதினாறு தேறாவிட்டால், மிச்ச இடங்களைத் துடைக்க வேண்டும். அவர் துடைக்க மறந்திருந்தார். பேருந்தில் கடைசி நடைக்கு ஆள் குறைந்தால், முந்தின நடையில் இறங்காமல் போனவர் காலி இருக்கையில் உட்கார்ந்திருப்பது மாதிரி, எப்போதோ கேட்ட ஒலி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைத் தனியே எடுத்துப் போட்டுக் கேட்டார். இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டார்.

சாயங்காலம் மனைவிக்கும் போட்டுக் காட்டினார். “இதான் நீ கேட்டதா?”

“இதேதான். யாருங்க இவங்க? எவ்வளவு பொறுமையாக் கேக்குறாங்க.”

“உன் குரல்தான்.”

“என் குரல் இப்படியா இருக்கு?” அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

கதை கேட்பவர்கள் கொட்டுவார்களே, அப்படி இழுத்து, லயித்துச் சொன்ன ‘ம்’. காது மந்தமான நாளிலிருந்து அவரிடம் அவள் ‘என்ன?’ என்றுதான் கேட்டிருக்கிறாள். ம் கொட்டியதே இல்லை.

“யார்கிட்ட ம் கொட்டிக்கிட்டிருந்த?”

“நல்லா கேட்டீங்க. பகல் பூரா நான் தனியாத்தானே இருக்கேன்.”

அவர் தப்பைத் திருத்தினார். குரல் நின்றுபோனது. அவளும் அதை மறந்துவிட்டாள். அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருநாள் மதியம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காது மிஷின் மேசைமேல் கிடந்தது. எதிரே காலி நாற்காலி. அதைப் பார்த்தபடி தலையை லேசாகச் சாய்த்து “ம்” என்றாள். சற்றுப் பொறுத்து, எதையோ ஒப்புக்கொள்பவள்போல, மறுபடியும் “ம்.”

அவர் நிழல் தரையில் விழுந்ததைப் பார்த்து அவள் திரும்பினாள். துளியும் திடுக்கிடவில்லை.

“எப்ப வந்தீங்க? இருங்க, உட்காரலாம்” என்று எழுந்து உள்ளே போனாள். எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடக்க, சமையலறையிலிருந்து இன்னொன்றை இழுத்துவந்து போட்டாள்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிற மனிதர் அன்று ஒன்றுமே கேட்கவில்லை. அவள் போட்டதில் போய் உட்கார்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து மதியங்களில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டார். காலி நாற்காலியை அவளும் நகர்த்தவில்லை, அவரும் நகர்த்தவில்லை.