பஸ்ஸுக்கு முன்னால் விழுந்த நிழல்

கம்பெனி பஸ் வளைவில் திரும்பியபோது ஜன்னலோரம் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக ஒரே பக்கம் சாய்ந்தன. யாரும் விழிக்கவில்லை. பஸ் நேரானதும் மெல்ல நிமிர்ந்தன, அடுத்த குலுக்கலில் மறுபடி சாய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெங்களூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எத்தனையோ காலை பார்த்த பஸ்தான், என் அக்காவும் அதில்தான் வருவாள். ஆனாலும் அது ஒரு படம் என்று அன்றைக்குத்தான் பட்டது. பையிலிருந்து கேமராவை எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது.

போன வருஷம் பி.எஸ்ஸி. முடித்தேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் பெங்களூரில் ஒரு போட்டோகிராபி வகுப்புக்குப் போகிறேன். அக்காவோடு ஓசூரில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். அவள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து எனக்கு முன்பே வேலைக்கு வந்தவள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் போர்டுகளில் பாகங்களைப் பற்றவைக்கிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். எனக்கோ எதிலும் அவசரம். வகுப்பில் சார் ஷட்டர் ஸ்பீடைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் நான் நாலு தடவை அமுக்கியிருப்பேன். பாதிப் படம் வெளுத்துப் போய்தான் வரும்.

அடுத்த வாரம் அக்காவுக்கு நைட் ஷிப்ட். தினமும் விடிந்ததும் பூக்கடைகள் இருக்கும் திருப்பத்தில் போய் நின்றேன். குளிருக்கு ஜன்னல்களை மூடியிருப்பார்கள். கண்ணாடியில் வானம் விழுந்து முகங்களை மறைத்தது. மூன்று நாள் எடுத்ததெல்லாம் வெறும் மேகம். பிறகு ஒரு நாள் பூ மூட்டை இறக்க வந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. பஸ் அதைக் கடந்தபோது லாரியின் கரிய உருவம் பஸ் கண்ணாடியில் விழுந்து, வானம் மறைந்து, உள்ளே இருந்த பெண்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். பின்பக்கத்து வெயில் ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு கோடாகப் பட்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் அக்கா, கம்பியில் நெற்றியை வைத்து. ஒரே ஒரு தடவைதான் அமுக்கினேன்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிரிண்ட்டைச் சுவரில் குத்திவிட்டால் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் படத்தில் இருப்பதை வைத்து மட்டும் பேச வேண்டும்.

“சாயங்காலம். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறாங்க,” என்றான் ஒருவன்.

“டூர் போயிட்டு வர்றாங்களோ?” என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள்.

சாய்ந்த வெயில், கருப்பு வெள்ளைப் படம். எல்லோரும் சாயங்காலம் என்றே முடிவு கட்டினார்கள். காலை என்று ஒருவரும் சொல்லவில்லை. என் படம் எதையோ தனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. மாதக் கடைசியில் வகுப்பு நடத்தும் கண்காட்சிக்கு அதைச் சார் தேர்ந்தெடுத்தார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வீட்டுக்கு ஓடி வந்து பிரிண்ட்டைப் பாயில் விரித்தேன். பக்கத்து வீட்டுத் தோழிதான் முதலில் பார்த்தாள். தேன்கனிக்கோட்டைக்காரி, அக்காவோடு அதே லைனில் வேலை.

“அய்யோ ராமா! இது நானா? வாயப் பாரு, ஈ பூந்து குடும்பமே நடத்தும் போல இருக்குது. இதயா பெங்களூருக்குக் கொண்டுட்டுப் போன?”

அக்கா சிரிக்கவில்லை. “எங்கடி மாட்டப் போறாங்க?”

“பெங்களூர்லதான்க்கா. பெரிய ஹால்.”

“அவரும் பெங்களூர்லதான இருக்காரு.”

அவர் என்றால் அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. எங்கள் ஊர்ப் பக்கம்தான், பெங்களூரில் லேத் பட்டறையில் வேலை. அவர்கள் வீட்டில் எங்கள் அம்மா, “பிள்ளைக்கு ஜெனரல் ஷிப்ட்தான். காலைல போனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவா,” என்று சொல்லியிருந்தாள். அம்மா மட்டுமல்ல, ஓசூருக்குப் பெண்ணை அனுப்பிய எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஊரில் கேட்டால் ஓசூரில் நைட் ஷிப்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது.

“இதப் பாத்தா காலைலன்னு தெரியுமாடி?”

“கிளாஸ்ல எல்லாருமே சாயங்காலம்னுதான் சொன்னாங்க.”

“அவங்கள விடு. உனக்குத் தெரியுதா?”

படத்தை மறுபடி பார்த்தேன். அதுவரை வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருந்தேன். இப்போது, அந்த வெளிச்சம் அக்காவைக் காட்டிக்கொடுக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸின் நிழல் பஸ்ஸுக்கு முன்னால் தரையில் நீண்டு கிடந்தது.

“தெரியும்க்கா. இது டவுனுக்குள்ள வர்ற பஸ்ஸு. காலைலதான் வெயில் பின்னாலருந்து வரும், நிழல் முன்னால விழும். சாயங்காலம்னா வெயிலு டிரைவர் கண்ணுலல்ல அடிக்கும்? பூக்கடையும் தெரியுது. ஓசூர் தெரிஞ்ச ஆளுக்கு அது போதும்.”

“அவரு ஊருக்குப் போறப்பல்லாம் இந்த வழிதான்.”

எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. “கீழ்ப்பக்கத்த வெட்டிடலாம்க்கா. நிழலே தெரியாம பிரிண்ட் போட்டுடறேன். இருட்டறைல சின்ன வேலைதான்.”

“வெட்டிடு. அப்படியே என் வாயையும் தெச்சுடு,” என்றாள் தோழி.

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “இத வெட்டிருவ. கல்யாணமாயி மூணாவது வாரம் எனக்கு நைட் வருமே, அப்ப எத வெட்டுவ?”

தோழி எழுந்து போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஊருக்குப் போகிற வழியில் ஓசூரில் இறங்கினார். அக்காதான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். துணைக்கு நானும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் மூன்று டீ சொல்லிவிட்டு, அக்கா உறையிலிருந்து படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“தங்கச்சி எடுத்தது.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். “நம்ம பூக்கடைத் திருப்பம்தான?” என்றார். வகுப்பு வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“ஆமா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற பஸ்ஸு. மூணு வாரத்துக்கு ஒருக்க எனக்கு நைட்தான். அம்மா உங்க வீட்ல வேற மாதிரி சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இந்த வேலைக்குத்தான் போவேன்.”

“இதுல நீங்க எங்க?”

அக்கா மூன்றாவது ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள்.

“நல்ல தூக்கம்,” என்றார். அதைக் கிண்டலாகவும் சொல்லவில்லை, இரக்கமாகவும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை கட்டியது. “வீட்ல நான் பேசுறேன்,” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சேலம் பஸ்ஸில் ஏறினார். அதில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்ன பேசினாரோ, பேசினாரோ இல்லையோ. அஞ்சாறு நாள் போல ஆகியிருக்கும், வீட்டு ஓனர் போனுக்கு அம்மா கூப்பிட்டாள். அழுகை அக்கா பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. “வேணாம்னுட்டாங்கடி. ராத்திரி வேலைக்குப் போற பிள்ளை எங்களுக்குச் சரிப்படாதுன்னுட்டாங்க. எவ போயிச் சொன்னா? எவ சொன்னான்னு கேக்குறேன்.”

“நான்தாம்மா சொன்னேன்,” என்றாள் அக்கா.

அன்று அவளுக்கு மதிய ஷிப்ட். முகம் கழுவி, ஜடையைப் பின்னி, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பு போடும்போது மட்டும் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கேமரா ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட எனக்கு மனசு வரவில்லை.

கண்காட்சிக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் கேட்டேன். பேருக்கு இல்லை, நிஜமாகவே கேட்டேன். வேண்டாம் என்றிருந்தால் நெகட்டிவை அவள் கையிலேயே கொடுத்திருப்பேன்.

“மாட்டச் சொல்லு. நிழலோடவே மாட்டச் சொல்லு,” என்றாள். பிறகு, “ஆனா இது நாங்க தூங்கறப்ப நீயா எடுத்துக்கிட்டது. முழிச்சிருக்கறப்ப ஒண்ணு எடு. எல்லாரையும் கேட்டுட்டு எடு,” என்றாள்.

கேட்டாகிவிட்டது. பஸ்ஸில் வருகிறவர்களில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், அவர்கள் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். திங்கட்கிழமை அக்காவுக்கு மறுபடி நைட் வாரம். பொழுது சாயும்போது அவர்களோடு பஸ்ஸில் ஏறி, ரயில்வே கேட் வரை போய் இறங்கிக்கொள்ள டிரைவர் அண்ணன் சம்மதித்திருக்கிறார். பஸ்ஸுக்குள் ஒரு குழல் விளக்குதான். ஷட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் படம் கலங்கிவிடும். கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்தித் தருகிறேன் என்றிருக்கிறார். அந்த நேரத்துக்குள் டிரைவர் சீட்டின் பின்கம்பியில் முதுகைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, எதிரே இருக்கும் எல்லாக் கண்களும் லென்ஸைப் பார்க்கும்போது எடுக்க வேண்டும். அன்றைக்கு ரயில் வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் ஏறுவேன்.