கேமராவைப் பார்த்த கண்

படப்பிடிப்பில் எல்லோரும் அவரைப் 'பொணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். துணை நடிகராகக் காலந்தள்ளிய அவருக்கு வாய்த்ததெல்லாம் செத்துக் கிடக்கும் வேடம். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது. கூட்டத்தில் நிற்கப் போனால் விதி ஒன்றே ஒன்று: கேமராவைப் பார்க்கக் கூடாது. பார்த்தவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. சொந்தக் கல்யாணப் படங்களில்கூட எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்.

"களவாணி மாதிரி நிக்கிறீங்க. ஒரு போட்டோலயாவது நேராப் பாக்கக் கூடாதா?" என்று மனைவி அடிக்கடி குறைபட்டுக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு படம் முழுக்கத் தனியாளாக நடிக்கும் வாய்ப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ இறங்கியவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான், தண்ணீர் ஏறுகிறது, அவ்வளவுதான் கதை. நாள் முழுக்க நனைய முகம் தெரிந்த நடிகர் யாரும் சம்மதிக்கவில்லை. கேமரா உதவியாளனாக இருந்த மச்சினன்தான் மாமாவின் பெயரைச் சொன்னான். "செத்துச் செத்துப் பழகினவரு, இதுல பொழைச்சுக் காட்டட்டுமே" என்றார் இயக்குநர்.

மனைவி தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாதே. டேய், மாமா மேல இருந்து கண்ண எடுக்காதடா."

"என் வேலையே அதான்க்கா" என்றான் தம்பி. உண்மைதான். நடிகரின் கண்கள் மங்காமல் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து லென்சைத் திருகுவதுதான் அவன் பிழைப்பு.

இரும்புத் தொட்டி. ஒரு பக்கத்தை வெட்டிக் கண்ணாடி பொருத்தி, அதற்கு வெளியே கேமராவை வைத்திருந்தார்கள். மேலிருந்து தண்ணீர் லாரிக் குழாய். தண்ணீர் ஏற ஏற அவர் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஆபத்து என்றால் இடது கையை விரித்துத் தூக்க வேண்டும். ஒத்திகையில் அதைச் செய்து காட்டினார்.

"அட, அந்தக் கை நல்லா இருக்கே! சீன்லயே வச்சுக்கலாம்" என்றார் இயக்குநர். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியானால் ஆபத்துக்கு வேறு சைகை என்ன என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை; அவருக்கும்தான்.

குழாய் திறந்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. ஏறலாம் என்று காலை எடுத்தார், கால் வரவில்லை. ஏணியின் கீழ்ப் படிக்கும் சுவருக்கும் இடையே பூட்ஸ் செருகிக்கொண்டிருந்தது. இழுத்தார். இன்னும் இறுகியது.

"காப்பாத்துங்க!" என்று கத்தினார். வசனமும் அதுதான். இடது கையைத் தூக்கினார். காட்சியும் அதுதான்.

"கால் மாட்டிக்கிச்சு! நெசமாவே மாட்டிக்கிச்சு!"

கண்ணாடிக்கு வெளியே இயக்குநர் பரவசமாகத் தொடையைத் தட்டுவது தெரிந்தது. "சொந்தமா வசனம் சேக்கறாருய்யா! யாரும் அசையாதீங்க!"

தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது சில்லென்றிருந்தது. கழுத்துக்கு வந்தபோது குளிரே தெரியவில்லை. தொட்டியை அறைந்தார், இரும்பு அதிர்ந்தது, வெளியே ஒருவன் அடுத்தவன் தோளைத் தட்டிச் சபாஷ் என்றான். இத்தனை பேர் பார்க்க, இத்தனை விளக்கு வெளிச்சத்தில் சாகப்போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பயந்தாலும் அவ்வளவும் நடிப்பாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். மூக்கின் மேல் தண்ணீர் ஏறியது. பிணமாகக் கிடந்து பழகிய மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் செய்யாததைச் செய்தார். லென்சை நேராகப் பார்த்தார்.

வெளியே மச்சினனின் கை லென்ஸ் வளையத்தில் உறைந்தது. அந்தக் கண்கள் அவனையே பார்த்தன. மாமா கேமராவைப் பார்க்க மாட்டாரே!

"கட்! கட்!" என்று அலறினான். இயக்குநரைத் தவிர யாரும் சொல்லக் கூடாத சொல். "யாரைக் கேட்டுடா—" என்று இயக்குநர் திரும்புவதற்குள் இரும்புக் கம்பியால் கண்ணாடியை அடித்தான். மூன்றாவது அடியில் கண்ணாடி நொறுங்கித் தண்ணீர் எல்லோரையும் வாரிக்கொண்டு போனது.

அவர் பிழைத்தார். ஆனால் இன்றும் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை.

படம் வந்தது யாருக்கும் தெரியாது. பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாகக் கிடந்த தியேட்டரில் மூவரும் போய்ப் பார்த்தார்கள். இயக்குநர் அந்தக் கண்ணை வெட்டாமல் வைத்திருந்தார். திரை முழுக்க அது விரிந்தபோது மனைவியின் நகம் அவர் கையில் பதிந்தது.

முன்வரிசையில் ஒருவன், "நல்லாத்தான் பண்ணான். இங்க சொதப்பிட்டான் பாரு, கேமராவப் பாத்துட்டான்" என்றான்.

மச்சினன் வெடுக்கென்று எழுந்தான். அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடுடா. சரியாத்தான சொல்றான்."

வெளியே சுவரொட்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி மனைவி செல்போனைத் தூக்கினார். அவர் நேராகப் பார்த்தார்.

மனைவி செல்போனைத் தாழ்த்தினார். "அப்படிப் பாக்காதீங்க" என்றார். "எப்பவும் போல எங்கயாவது பாருங்க."