தஃபீதாவின் எழுபத்தெட்டுத் தந்திகள்

எகிப்தின் தன்தா நகரில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கானூன் என்ற தந்தி வாத்தியம் வாசித்துவந்த தஃபீதாவுக்கு இரண்டு பாரம். மடியில் எழுபத்தெட்டுத் தந்தி, பக்கத்தில் புருஷன் ராகிப். அவன் வாசித்தது ஊத். அதில் பதினொரு தந்திதான்.

நியாயமாக அவன்தான் அவளுக்கு ஏற்பச் சுருதி சேர்க்க வேண்டும். ஆனால் ராகிப் பாடவும் செய்வான். அன்றைக்குத் தொண்டை எப்படியோ அப்படித்தான் சுருதி. சளி பிடித்தால் இறக்குவான். மாமியார் வீட்டில் வாத்துக் கறி சாப்பிட்டுத் தெம்பாக வந்தால் ஏற்றிவிடுவான். உடனே தஃபீதா சுருதிச் சாவியை எடுத்து எழுபத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். அதற்குள் கல்யாணக்காரர்கள் ரோஜா சர்பத்தைக் குடித்து முடித்து இன்னொரு சுற்றும் கேட்பார்கள்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"மேடை ஏறினாத்தான் என் தொண்டை எனக்கே தெரியுது, உம்மு சமீர்." மகன் சமீரின் அம்மா என்றுதான் ராகிப் அவளைக் கூப்பிடுவான்.

இப்படியே பதினெட்டு வருஷம். ஒரு வியாழக்கிழமை மூன்றாம் தடவையாகத் திருகும்போது தந்தி ஒன்று அறுந்து அவள் கன்னத்தில் கோடு போட்டது. மணப்பெண்ணின் அத்தை பதறிப்போய், "புருஷன் அடிச்சானா?" என்றாள்.

"ஆமா, சுருதியால."

அடுத்த வாரமே குழுவுக்குப் புது ஆளைக் கூட்டிவந்தாள் தஃபீதா. பெயர் கிர்கிஸ், அக்கார்டியன்காரன், பரம சாது. ஆள் கூடினால் குழுவுக்கு மதிப்புத்தானே என்று ராகிப்புக்கும் சந்தோஷம்.

மேடையில் ராகிப் ஊத்தை மீட்டினான். அன்று நல்ல தெம்பு. "இதுதான் சுருதி. சேத்துக்குங்க."

கிர்கிஸ் திருதிருவென்று விழித்தான். "இதுல முறுக்காணியே இல்லீங்களே, உஸ்தாத்."

"அப்ப நீ என்னதான் பண்ணுவே?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க. மத்தவங்கதான் பண்ணுவாங்க."

ராகிப் மனைவியைப் பார்த்தான். அவள் சாவியைத் தொடக்கூட இல்லை. ஒரு தந்தியைச் சுண்டினாள். கிர்கிஸ் ஒரு கட்டையை அழுத்தினான். இரண்டும் ஒட்டிப் பிறந்ததுபோல் கேட்டன. முந்தின நாளே அவன் வீட்டுக்குக் கானூனைத் தூக்கிப்போய், அவன் மனைவி போட்ட தேநீரைக் குடித்தபடி சேர்த்துவிட்டு வந்திருந்தாள்.

"சதி பண்ணிட்டியேடி!"

"பதினொண்ணுதானே? சீக்கிரம் திருகுங்க. மாப்பிள்ளை நின்னுக்கிட்டே இருக்காரு."

முனகிக்கொண்டே பதினொன்றையும் இறக்கினான் ராகிப். பாட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அந்தச் சுருதியில் அவன் குரல் வெண்ணெயாக வழுக்கியது. பெண்ணின் தகப்பனார் அதே பாட்டை மறுபடி கேட்டார்.

திரும்பும்போது வண்டியில் ராகிப் கிர்கிஸின் தோளைத் தட்டினான். "குழுவுக்கு ஒரு அக்கார்டியன் வேணும்னு நான் எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

தஃபீதா பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.