சைக்கிளில் ஒரு துடுப்புப் பலகை

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு ஆசை வரலாம். அது பதினொரு அடி நீளத்தில் வரக்கூடாது. எனக்கு வந்தது.

துடுப்புப் பலகையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது படகும் இல்லை, கட்டுமரமும் இல்லை. அதன்மேல் நின்றுகொண்டு, கையில் ஒற்றைத் துடுப்பை வைத்துத் தள்ளிக்கொண்டே தண்ணீரில் போகலாம். நிற்கத் தெரிந்தவர்கள் போகலாம், மற்றவர்கள் விழலாம். என்னோடு கல்லூரியில் படித்த ஒருவர் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடுகிறார். புதுமையாக இருக்கட்டும் என்று சில பலகைகள் வாங்கிப் போட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் படகில் சௌகரியமாக உட்கார்ந்து முறுக்குத் தின்னவே விரும்பினார்கள். அதனால் பலகைகளை ஒவ்வொன்றாக நண்பர்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். என் தலை அகலமானது.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பலகை இல்லை, ஒரு மணி நேரம். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குடமுருட்டிக் கரையில் வீடு. வீட்டில் அப்பா. எண்பத்தாறு வயது. கால்கள் ஓய்ந்துவிட்டன, காதுகள் ஓயவில்லை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, ராத்திரி எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் நானும் மனைவியும்தான். ஆற்று நடுவில் நிற்பவனைக் கூப்பிட்டு வெந்நீர் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அப்படி நின்றால் போதும் என்று நினைத்தேன்.

இவ்வளவு செய்தும் வாசல் கேட் சத்தம் கேட்டால் அப்பா கேட்பது ஒரே கேள்விதான். “யாரு, பெரியவனா?”

பெரியவன் என் அண்ணன், மயிலாடுதுறையில் வக்கீல். அவர் மகள் தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை, மற்றவர்களையும் போகவிடவில்லை. அன்றோடு அண்ணன் எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிவிட்டது. அப்பாவின் சாதிப் பிடிப்பு முதல் வருஷத்திலேயே தளர்ந்துவிட்டது. கௌரவம்தான் தளரவில்லை. தானாகப் போன் பண்ண மாட்டார். நான் பண்ணினால் அண்ணன், “பார்க்கலாம்டா,” என்பார். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, செத்துப்போவதற்குள் அவனைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா என் மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு எரிந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நான்தான் அந்த வெண்ணெய்.

பலகை வந்தது புரட்டாசியில் ஒரு விடியற்காலை, முத்துப்பேட்டையிலிருந்து வந்த மீன் வண்டியில். டிரைவர் அதைத் திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு, ஆற்றங்கரைச் சாலையில் வண்டியைத் திருப்ப முடியாது என்று போய்விட்டார். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஏதாவது பிடிக்கலாம் என்று பார்த்தேன். குறுவை அறுப்பு நேரம், வானம் வேறு கறுத்துக் கிடந்தது. இருந்த வண்டியெல்லாம் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்றப் போயிருந்தன. கடைசியாகக் கிளம்பிய ஒரு டிரைவரிடம் கெஞ்சியே பார்த்தேன். “உயிர் போற அவசரமா சார்? சாயந்தரம் பாக்கலாம்,” என்றார். என்னிடம் இருந்தது சைக்கிள் மட்டும்தான்.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. படிக்காதவனாக இருந்தால் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருப்பான். நான் நெம்புகோல் தத்துவத்தை யோசித்தேன். ஆறடி சைக்கிளில் பதினொரு அடிப் பலகையைக் கட்டினால் இரண்டு முனையும் ஆடும். ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் நீள மூங்கில் வைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த மூங்கில் வெடிக்கும், பச்சை மூங்கில்தான் வளைந்து கொடுக்கும். மூங்கில் கடைக்குப் போய், பன்னிரண்டு அடியில் பச்சையாக இரண்டு வேண்டும், குறுக்கே கட்டச் சின்னத் துண்டுகளும் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். விலை கேட்டேன். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க,” என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வியாபாரியா என்று நெகிழ்ந்துபோனேன்.

மூங்கில் உரசிப் பலகையில் கீறல் விழக்கூடாதே என்று நடுவில் வைக்கப் பச்சைத் தென்னங்கீற்று கேட்டேன். கொடுத்தார். கயிறு பலகையின் விளிம்பை அறுத்துவிடும் என்பதால் வைக்கோலைத் திரித்த பிரி கேட்டேன். அதுவும் இருந்தது. வெயில் ஏறினால் பலகை உப்பிவிடும் என்று நண்பர் எச்சரித்திருந்ததால், வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய எட்டு முழம் வேட்டியை எடுத்து மேலே போர்த்தினேன். வெள்ளை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். எட்டாம் வகுப்புப் பாடம்.

இதைப் படிக்கும் எங்கள் பக்கத்துக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை மூங்கில், பச்சைக் கீற்று, வைக்கோல் பிரி, வெள்ளைத் துணி. இந்த நான்கும் ஒரே சைக்கிளில் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வீட்டில் சாவு, பாடை கட்டச் சாமான் போகிறது. நடுவில் பலகை இருப்பது வெளியே தெரியவே இல்லை. இத்தனை பாடைகளுக்குத் தோள் கொடுத்த எனக்கும் அது உறைக்கவில்லை. என் கண்ணுக்குப் பலகை மட்டும்தான் தெரிந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் நடந்தேன். அப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை, இனியும் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை நான் பார்க்கப் போவதில்லை. எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அறுப்பு வயலில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அண்ணனின் பால்ய சிநேகிதர் எழுந்து நின்று, என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஒரு நல்ல விளையாட்டுக்கு நம் ஊரில் இவ்வளவு வரவேற்பு இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீன் வாசனைக்குக் காக்காய்கள் வேறு தலைக்கு மேலே கூடவே வந்தன.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடைச் சாமானோடு போகிறவனை நிறுத்தி எங்கே என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. சாவு வீட்டுக்குப் போன் போட்டு நிஜமா என்று விசாரிப்பதும் இல்லை. என்னையும் தெரியும், வீட்டில் படுத்திருக்கும் அப்பாவையும் தெரியும், கணக்கு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் சொல்லாமல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் குட்டி யானை நின்றது. காலையில் என் கெஞ்சலுக்கு மசியாத அதே வண்டி. அதிலிருந்து பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சைக்கிளைப் பார்த்ததும் அவளுக்கு முழுக்கதையும் புரிந்துவிட்டது.

“என்னங்க இது! இதையா ரோட்டுல தள்ளிக்கிட்டு வந்தீங்க?”

பந்தல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்ல சாவு சார். மனசத் தேத்திக்கங்க. அம்பது சேர் போதுமா?”

உள்ளே ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா குரல் கொடுத்தார். “யாருக்குடா சேரு?”

பந்தல்காரர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே போட்டுவிட்டார். நான் உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கா?”

“ஆமாப்பா. ஊரே அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கு.”

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். “பெரியவனுக்குச் சொல்லிட்டாங்களா?”

அப்போதுதான் டீக்கடையில் எழுந்து நின்ற சிநேகிதர் எனக்கு ஞாபகம் வந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது. நான்கு வருஷத்தில் அந்த எண்ணிலிருந்து வந்த முதல் அழைப்பு. எடுக்கப் போனேன்.

“இரு, எடுக்காத,” என்றார் அப்பா.

“பாவம்பா. அழுதுக்கிட்டே வருவாரு.”

“அழட்டும். வரட்டும்.”

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை. எண்பத்தாறு வயது மனிதர், கையெடுத்துக் கும்பிடாத குறையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மேல் எனக்குப் பரிதாபம் இருந்தது. அப்பா மேலும் இருந்தது. எல்லாவற்றையும்விட, என்னைப் பார்த்து அப்பாவின் முகம் ஒருநாளும் இப்படி மலர்ந்ததில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

மயிலாடுதுறையிலிருந்து கார் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் அப்பா முகச்சவரம் செய்யச் சொன்னார். சலவை வேட்டி கேட்டார். பந்தல்காரரையும், துக்கம் கேட்க வந்து அசடு வழிய நின்ற நாலைந்து பேரையும் காப்பி கொடுத்து அனுப்பினோம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சைக்கிளைக் கொல்லைப்புறம் தள்ளிவிட்டேன். தன் சாவுக்கு வரும் மகனை வரவேற்கத் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

கேட் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அப்பா யாரென்று கேட்கவில்லை.

அண்ணன் செருப்பில்லாமல், கையில் பெரிய ரோஜா மாலையோடு, “அப்பா!” என்று அலறிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். நான்கு வருஷத்தில் அவருக்கும் முடி நரைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?”

“அவனத் திட்டாத,” என்றார் அப்பா. “அவன் பலகைதான் வாங்கிட்டு வந்தான்.”

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாலையை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிணத்துக்கு வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது. “அம்மா படத்துக்குப் போடு. அவ கோவிச்சுக்க மாட்டா,” என்றார் அப்பா. என் மனைவி வாங்கிப் போட்டாள். அண்ணன் அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அவர் உயிரோடு இருப்பதற்காக, செத்திருந்தால் அழுதிருப்பதைவிட அதிகமாக அழுதார். அப்பா அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தினமும் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவன் நான்.

வாசலில் ஒரு பையன் தயங்கி நின்றான். அண்ணன் ஓட்டும் நிலையில் இல்லாததால் அவர் மருமகன்தான் காரை ஓட்டி வந்திருந்தான். எந்தப் பையனால் நான்கு வருஷம் போனதோ, அதே பையன். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்காரு. உள்ள வரச் சொல்லி எல போடுங்க,” என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. அப்பா இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயந்தரம் கிளம்பும்போது அண்ணன், “அடுத்த வாரம் பொண்ணையும் கூட்டிட்டு வரேம்பா,” என்றார். அப்பா கேட் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்து பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் அண்ணனுக்குக் கோர்ட்டில் கேஸ் இருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணம். அப்புறம் மழை. முதலில் தினமும் போன் வந்தது, பிறகு ஒன்று விட்டு ஒருநாள், பிறகு நான் பண்ணினால், “பார்க்கலாம்டா.” அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்பாதான் உயிரோடு நன்றாக இருக்கிறாரே, என்ன அவசரம்?

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையை ஆற்றில் இறக்கினேன். நின்றேன், விழுந்தேன், கொஞ்சம் நின்றேன். கரையில் யாரும் கிட்ட வந்து தொட்டுப் பார்ப்பதில்லை. ஊரில் அதற்குப் பாடைப் பலகை என்றே பெயர் ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீடு இருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒருநாள் காலை, அப்பாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட் சத்தம் கேட்டது. “யாரு, பெரியவனா?” என்றார். பால்காரர். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, என் பலகையைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் கேட்காதவர், கேட்டார்.

“அந்தப் பலகைய அன்னிக்கு மாதிரியே கட்டி, கடைத்தெரு வரைக்கும் ஒருதரம் தள்ளிக்கிட்டுப் போய்ட்டு வரியா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“மூங்கில் மட்டும் பச்சையாப் பாத்து வாங்குடா,” என்றார்.