என் எண்ணுக்கு வந்த செய்தி

கல்வராயன் மலையில் எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பெருமையில், பக்கத்து வீட்டு மல்லிகாவின் நர்சிங் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.

சங்கராபுரத்தில் மூட்டை தூக்கும் அவள் அப்பா, "என் நம்பரு போடும்மா" என்றார்.

"மெசேஜு இங்கிலீஷ்ல வரும், உனக்கு இன்னா புரியும் மாமா?" என்று என் எண்ணைப் போட்டேன்.

இடம் கிடைத்தால் இரண்டு நாளில் ஒப்புதல் தர வேண்டும். செய்தி வந்தபோது நான் திருவிழாவுக்காக, சிக்னல் இல்லாத எங்கள் ஊரிலேயே இருந்துவிட்டேன். நான்காம் நாள் கீழே இறங்கியபோதுதான் பார்த்தேன். இடம் போய்விட்டது.

"எனக்கு வந்திருந்தா கடக்காரருகிட்டயாவது காட்டியிருப்பேனேம்மா" என்றார் மாமா.

இப்போது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, அவர்களே விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தருகிறேன். அவரவர் வீட்டு எண்ணைத்தான் எழுதச் சொல்கிறேன்.

மல்லிகா கரும்பு வெட்டப் போகிறாள். வழியில் பார்த்தால், "சாப்டியாக்கா?" என்று கேட்கிறாள்.