போனை இஞ்ச தாங்கோ

மெஷின் வியாழக்கிழமை வந்தது. அதற்கான காசு செவ்வாய்க்கிழமையே போய்விட்டது.

பாலையூற்றில் ரதிமலரின் வீட்டுப் படலைக்கு முன்னால் கூரியர் வான் நின்றது. நான் வேலை முடிந்து அந்த வழியால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வானுக்குள் பெரிய கடதாசிப் பெட்டி ஒன்று. அதற்குள் இருந்தது ஓவர்லொக் மெஷின், துணியின் ஓரம் பிசிறாமல் அடிக்கிற மெஷின். அது இருந்தால்தான் பள்ளிக்கூட யூனிஃபோம் ஓடர் தரலாம் என்று ஒரு கடைக்காரர் ரதிமலரிடம் சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் பிளவுஸ் தைத்துத் தைத்துச் சேர்த்து, இன்ரநெட்டில் ஓடர் பண்ணியிருந்தார். பொருள் வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுப்பதாகத்தான் ஏற்பாடு.

"ரெண்டு கிழமை பொறுக்க ஏலாதோ தம்பி?" வானில் வந்த பையனிடம் ரதிமலர் கேட்டார்.

"காசு தந்தாத்தான் இறக்கலாம் அக்கா. இல்லாட்டி திருப்பிக் கொண்டுபோகச் சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லிக்கிடக்கு."

ரதிமலர் பெட்டியில் ஒட்டியிருந்த தன் பெயரை ஒருதரம் வாசித்தார். வான் போய்விட்டது. என்னைப் பார்த்தும் பாராத மாதிரி உள்ளே போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு வங்கிக் கிளையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். புதிதாகக் கவுண்டருக்கு வருகிற பிள்ளைகள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இனிமையாக எழுத வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

1. செவ்வாய்க்கிழமை

அன்று பின்னேரம் இரண்டு மணி போல ரதிமலர் என் கவுண்டருக்கு வந்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"மிஸ், உங்கட ஆக்கள் கோல் எடுத்தவை. அந்த வேலை முடிஞ்சுதோ எண்டு கேட்டுப் போவம் எண்டு வந்தனான்."

"எந்த வேலை? ஆர் எடுத்தது?"

காலையில் அவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. உங்கள் பார்சல் நிற்கிறது, விலாசம் போதாது, தொண்ணூறு ரூபாய் கட்டுங்கள் என்று தமிழில். கீழே ஒரு லிங்க். பார்சல் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டார். லிங்கை அமத்தி, காட் நம்பர், முடிவுத் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்திருக்கிறார். பத்து நிமிஷத்தில் ஒரு கோல்.

"வங்கியிலயிருந்து கதைக்கிறம் அக்கா, உங்கட காட்டில ஒரு பிரச்சினை, இப்ப போனுக்கு வாற ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ எண்டவர். நல்ல மரியாதையான கதை மிஸ். சொன்னனான். பிறகும் ஒண்டு வந்தது. அதையும் சொன்னனான்."

நான் கணக்கைத் திறந்தேன். ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது. உடனே காட்டை நிறுத்தினேன். ஹெட் ஒஃபிஸுக்குப் போன் அடித்தேன். முறைப்பாட்டுப் படிவத்தை நானே நிரப்பி, பொலிஸுக்கும் அனுப்பினேன். இதெல்லாம் திருடன் வாசலைத் தாண்டிய பிறகு கதவுக்குச் சங்கிலி போடுகிற வேலைதான். ஆனாலும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அழுவதும் ஏசுவதும் காட்டை நிறுத்திய பிறகு.

படிவம் நிரப்பும்போது நான் கேட்டேன். கேட்டேன் என்ன, ஏசினேன்.

"என்னெண்டு ரதி அந்த நம்பரைக் குடுத்தனீங்கள்? ஆரோ தெரியாதவனுக்கு?"

அவர் என்னை நேரே பார்த்தார். "நீங்களும் கேக்கிறனீங்கள்தானே மிஸ்."

2. என் பழக்கம்

இந்த இடத்தை நான் மறைத்து எழுதலாம். மறைத்தால் மற்றதெல்லாம் பொய்.

காட் வந்த காலத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் இலக்கு வைத்தார்கள். மாதத்துக்கு இத்தனை காட் விற்க வேண்டும், இத்தனை பேருக்கு போனில் வங்கி வசதி போட்டுக்கொடுக்க வேண்டும். சாம்பல்தீவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சனம் வரும். போனுக்கு இரகசிய நம்பர் வரும். அதை நிதானமாகத் தேடி, பார்த்து, அடித்து முடிக்க ஒருவருக்குப் பத்து நிமிஷம். பின்னால் வரிசை வாசல்வரை நிற்கும். நான் கையை நீட்டுவேன்.

"போனை இஞ்ச தாங்கோ."

தந்துவிடுவார்கள். நானே பார்த்து நானே அடித்துவிடுவேன். அரை நிமிஷம். "மிஸ் நல்ல கெட்டிக்காரி, டக்கெண்டு முடிச்சிடுவா" என்பார்கள். காட்டுக்கான 'பின்' நம்பரைக்கூட நானே தெரிவுசெய்து கொடுத்திருக்கிறேன், அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கத்தை வையுங்கோ என்று. வேகமான கவுண்டர் என்று ஒரு வருஷம் எனக்குச் சான்றிதழும் தந்தார்கள். அலுமாரிக்குள் கிடக்கிறது. கிழிக்க மனம் வந்தும் கிழிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் குத்தட்டும் என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இரகசிய நம்பர் வருகிற ஒவ்வொரு மெசேஜிலும் ஒரு வரி உண்டு. இதை எவருக்கும் சொல்ல வேண்டாம், வங்கி ஊழியருக்கும் சொல்ல வேண்டாம் என்று. முழுக்க ஆங்கிலத்தில். ரதிமலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வரியை ஆயிரம் தரமாவது வாசித்துக்கொண்டேதான் அவர்களுடைய போனில் நம்பரைத் தேடினேன். கள்ளன் தமிழில் மெசேஜ் அனுப்பினான். வங்கி எச்சரிக்கையை ஆங்கிலத்தில் அனுப்பியது. யார் சொன்னது அவருக்கு விளங்கும்?

அந்தக் கள்ளன் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. என் குரலில், என் வார்த்தையில், நான் பழக்கி வைத்ததைத்தான் கேட்டான்.

3. கடிதம்

மூன்று கிழமைக்குப் பிறகு ஹெட் ஒஃபிஸிலிருந்து பதில் வந்தது. இரகசிய இலக்கத்தை வாடிக்கையாளரே வெளியிட்டிருப்பதால், அவரது கவனயீனத்துக்கு வங்கி பொறுப்பல்ல. மனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை நீட்டினார்.

"உங்கட வாடிக்கையாளர்தானே மிஸ். நீங்களே குடுத்து ஒரு கையொப்பம் வாங்குங்கோ."

"நான் குடுக்க மாட்டன் சேர்."

"ஏன்? அவதானே நம்பரைக் குடுத்தவ."

"ஓம், அவதான் குடுத்தவ. குடுக்கப் பழக்கினது நான். வரிசை சுருங்கவேணும் எண்டு எங்களைக் கலைச்சுத் துரத்தினது நீங்கள். இப்ப கவனயீனம் அவவிலயோ? பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டுறியள்."

அவர் கதவைச் சாத்தினார். மெல்லமாகத்தான் கதைத்தார். "மிஸ், இதை வாயால சொல்லுங்கோ, கேக்கிறன். எழுத்தில குடுத்தா உங்களுக்குத்தான் கரைச்சல். பென்சனுக்கு எவ்வளவு காலம் கிடக்கு?"

"பதினாலு மாசம்."

"அப்ப பேசாமல் இருங்கோ."

அந்தப் 'பேசாமல் இருங்கோ'தான் என்னைக் கதிரையில் இருத்தி எழுத வைத்தது. ஒரு பக்கம் எழுதினேன். இன்ன வருஷத்திலிருந்து இந்தக் கிளையில் வாடிக்கையாளரின் போனை வாங்கி இரகசிய இலக்கத்தை நாங்களே அடித்துவந்தோம், நானும் அடித்தேன், ரதிமலருக்கு மூன்று தரம் அடித்திருக்கிறேன் என்று எழுதி, கையொப்பமிட்டு, முறைப்பாட்டோடு சேர்த்து ஹெட் ஒஃபிஸுக்கு அனுப்பினேன். தமிழிலேயே எழுதினேன். வேண்டுமென்றால் அவர்கள் மொழிபெயர்க்கட்டும்.

முதலில் வந்தது எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்த வருஷச் சம்பள உயர்வும் இல்லை. இரண்டு மாசம் கழித்து ரதிமலருக்குப் பாதிக் காசு வந்தது, நல்லெண்ணத்தின் பேரில் என்று எழுதி. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யூனிஃபோம் ஓடர் அதற்கிடையில் வேறொருவருக்குப் போய்விட்டது. பாதிக் காசுக்குப் பாதி மெஷின் தர மாட்டார்கள். அந்த வருஷமும் அவர் பிளவுஸ்தான் தைத்தார்.

நான் ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கவுண்டரில் வைத்தேன்: "போனை எங்களிடம் தராதேங்கோ. நாங்கள் கேட்டாலும் தராதேங்கோ. நம்பர் கேட்டு வங்கி ஒருநாளும் கோல் எடுக்காது." வங்கியின் நிறத்தில் இல்லை என்று மனேஜர் எடுத்துவிட்டார். அடுத்த நாள் நிறப் பென்சிலால் வங்கியின் நிறத்தை ஓரமெல்லாம் அடித்துத் திரும்ப வைத்தேன். பிறகு அவர் தொடவில்லை.

4. நாலு நிமிஷம்

நான் ஓய்வு பெற ஒரு மாசம் இருக்க, ரதிமலர் வந்தார். இன்ரநெட்டில் வேறொரு மெஷின் பார்த்திருந்தார், பழையது, நல்ல நிலையில். இந்த முறை மெஷின் விற்கிறவர் காட்டால்தான் கட்ட வேண்டும் என்றாராம். நான் அவருக்குப் புறம்பாக ஒரு கணக்குத் திறந்தேன். சேமிப்பு ஒரு கணக்கில், இன்ரநெட்டில் வாங்குகிற காட் மற்றதில். பொருளின் விலையை மட்டும், வாங்குகிற அன்று மட்டும், அதற்குள் போடுவது. கள்ளன் வந்தாலும் வெறும் சட்டிதான் கிடைக்கும். இந்தச் சின்ன விஷயத்தை முதல் காட்டைக் கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். இலக்கில் அது இல்லை.

புதுக் காட்டை இயக்க அவருடைய போனுக்கு நம்பர் வந்தது. அவ்வளவு நடந்த பிறகும், மட்டை முன்னால் நிற்கவும், என் கை தானாக நீண்டது.

ரதிமலர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ மிஸ். உங்களுக்கும் காட்ட மாட்டன்."

கையை எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் நம்பிக்கையான மிஸ் என்று பெயர் எடுத்தவள் நான். அந்த ஒரு நொடி எனக்கு அவரில்தான் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் மறுபக்கம் திரும்பி, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடித்தார். நேரம் முடிந்து முதல் நம்பர் செத்துப்போனது. இரண்டாவது வந்தது. வரிசையில் நின்ற ஒருவர் பொறுமை இழந்தார்.

"மிஸ், நீங்கள் ஒருக்கா அடிச்சு விடுங்கோவன். நாங்களும் போகவேணுமெல்லோ."

"அவ அடிப்பா. நில்லுங்கோ."

நான் கதிரையிலிருந்து எழும்பி, அவர் போன் தெரியாதபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கவுண்டருக்கு வருகிற பிள்ளைகளே, உங்களை நம்பாமல் ஒருவர் போனை மறைத்தால் நீங்களும் எழும்பி அப்படித் திரும்பி நில்லுங்கள். ரதிமலர் அடித்து முடிக்க நாலு நிமிஷம் எடுத்தது. என் சேவைக் காலத்தில் நான் ஒரு வாடிக்கையாளருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றது அந்த நாலு நிமிஷம் மட்டும்தான்.